மூன்றாம் நோவாக்

நவம்பர் 6, திங்கள்

டிப்போ பலகையில் இன்று ‘ஏழாம் நம்பர் பஸ் – நோவாக்’ என்று எழுதியிருந்தார்கள். இங்கே நாங்கள் மூன்று நோவாக். குண்டு நோவாக் போய் ஏறி உட்கார்ந்துவிட்டான். மொட்டை நோவாக் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் ‘நமக்கில்லை’ என்று காபி வாங்கப் போனேன். மேற்பார்வையாளர் ஜன்னலைத் திறந்து கத்தினார்: “டேய் மூணு! உன்னத்தான்டா!”

அந்த இருவருக்காவது வயிறு, தலை என்று ஓர் அடையாளம் இருக்கிறது. என்னிடம் எல்லாமே நடுத்தரம். அதனால் எண்.

சாயங்காலம் சாப்பாட்டில் கலினா சொன்னாள், பள்ளியில் கட்டுரை எழுத வேண்டுமாம். தலைப்பு ‘என் குடும்பப் பெயர்’. போக்னா என்னைப் பார்த்தாள். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

கலினா, என் மனைவி போக்னாவின் முதல் கணவருக்குப் பிறந்தவள். லுபோன்ஸ்கா. லுபோன்ஸ்கியின் மகள் என்பதால் லுபோன்ஸ்கா. அந்த மனிதர் அயர்லாந்துக்கு வேலைக்குப் போனார், வேலையோடே இருந்துவிட்டார். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஏழு வயது. என்னை ‘பான் ரோமான்’ என்றாள். டாக்டரையும் கறிக்கடைக்காரரையும் மரியாதைக்குக் கூப்பிடும் அதே ‘பான்’; பெண்ணென்றால் ‘பானி’. இப்போது பதினேழு. இன்னும் பான் ரோமான்தான். குறையில்லை. கறிக்கடைக்காரரிடம் அவள் இவ்வளவு நேரம் பேசுவதில்லை.

நவம்பர் 8, புதன்

ஒருவேளை என் பெயரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? கேட்கமாட்டாள். இருந்தாலும் கேட்டால்?

மதிய இடைவேளையில் நூலகம் போனேன். கடைசியாக எப்போது போனேன் என்று நினைவில்லை. மழைக்கு ஒதுங்கியதாக இருக்கலாம். குடும்பப் பெயர்கள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை அங்கே வேலை செய்யும் பெண் எடுத்துத் தந்தாள்.

நோவாக்: புதியவன். எங்கிருந்தோ வந்து ஊரில் குடியேறியவன். அவன் அப்பன் யார், தொழில் என்ன, யாருக்கும் தெரியாது. ‘அந்தப் புது ஆள்’ என்றார்கள், அதுவே ஒட்டிக்கொண்டது. போலந்திலேயே அதிகம் பேருக்கு இருக்கும் பெயர் இதுதானாம். இரண்டு லட்சம் பேர்! நாடு முழுக்கப் புது ஆட்கள். அப்படியானால் பழைய ஆட்கள் எங்கே போனார்கள்?

பிறகு ‘ஸ்கி’ என்று முடியும் பெயர்களின் பக்கம். கலினாவிடம் அவள் அப்பா எப்போதும் சொல்வாராம், ‘நாம பிரபு வம்சம்’ என்று. ‘ஸ்கி’ என்று முடிவதெல்லாம் பிரபு வம்சமில்லை, செருப்புத் தைத்தவரும் உழுதவரும்கூட ஊர்ப்பெயரோடு அதைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று போட்டிருக்கிறது.

அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பஸ் ஏறும்போது அந்தச் சந்தோஷம் வெட்கமாகிவிட்டது. அவர் அவளுக்கு விட்டுப்போனது அந்த ஒரு கதைதான். அதையும் நான் பிடுங்குவதா?

நவம்பர் 11, சனி

விடுமுறை. மார்ட்டின் திருநாள். கசகசா வைத்த பிறைரொட்டிக்கு ஒரு மணி நேரம் வரிசை. மூன்று வாங்கினேன், வீடு சேரும்போது இரண்டரை.

கலினா கேட்டே விட்டாள்.

“உங்க பேருக்கு என்ன அர்த்தம், பான் ரோமான்?”

“புதுசா வந்தவன்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். மத்த விவரம் கேக்க மறந்துட்டாங்க போல.”

சிரித்தாள். “எங்கப்பா பேருக்கு ஒரு பெரிய மாளிகையே இருக்குமாம்.”

“இருக்கும்மா,” என்றேன். வாயில் ரொட்டி இருந்தது நல்லதாகப் போயிற்று.

நவம்பர் 16, வியாழன்

பெற்றோர் கூட்டம். போக்னாவுக்கு பேக்கரியில் மாலை வேலை, அதனால் கலினா இந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே நான்தான் போகிறேன். போலிஷ் பாட டீச்சர் பானி கோசுபா வழக்கம்போலக் கூப்பிட்டார்: “பான் லுபோன்ஸ்கி!” பெண் லுபோன்ஸ்கா என்றால் அப்பா லுபோன்ஸ்கிதானே. நானும் வழக்கம்போல எழுந்தேன். மூன்று வருடமாக அந்தப் பள்ளியில் நான் லுபோன்ஸ்கி. முதல் தடவையே மறுத்திருக்கலாம்; ஆனால் அத்தனை பெற்றோர் முன்னால் ‘நான் அப்பா இல்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை. அவளுக்காக என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்காகவும்தான்.

நவம்பர் 21, செவ்வாய்

தெரிந்துவிட்டது. பானி கோசுபா இன்று அவளிடம் “உங்கப்பா பான் லுபோன்ஸ்கி ரொம்பத் தங்கமான மனுஷர்” என்றாராம்.

“மூணு வருஷமா அந்தப் பேரச் சொன்னா எந்திரிச்சீங்களா?”

“பஸ் டிரைவர்மா. எந்த நம்பர் மாட்டினாலும் ஓட்டுவேன்.”

அவள் சிரிக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என்ன வேல பாத்து வெச்சிருக்கேன். அவ அப்பன் நாற்காலில திருட்டுத்தனமா போய் உக்காந்துட்டேன்னு நெனச்சிருப்பா. வேற என்ன நெனப்பா? வாய வெச்சுட்டு சும்மா இருந்திருக்கணும் – இல்ல, மொதல் நாளே வாயத் தெறந்திருக்கணும். எப்பவும் தப்பான ஸ்டாப்புலதான் நிறுத்துறேன்.

“அவ கோவிச்சுக்கிட்டான்னு உனக்கு யாரு சொன்னா?” என்கிறாள் போக்னா. கதவு சொன்னது.

நவம்பர் 22, புதன்

பேசவில்லை. ஆனால் என் தேநீரில் எலுமிச்சை போட்டுத்தான் வைத்திருந்தாள்.

நவம்பர் 25, சனி

சமையலறை மேசையில் அந்தத் தடித்த புத்தகம். கலினா எடுத்து வந்திருக்கிறாள். இப்போது அவளாகவே ‘ஸ்கி’ பக்கத்தைப் படித்திருப்பாள். பாவம் பிள்ளை. ஒன்று மட்டும் சொன்னாள்: “வியாழக்கிழம மூணு மணிக்கு ஸ்கூலுக்கு வாங்க. லீவு போடுங்க.” திட்டுவதற்கு அவ்வளவு தூரம் வரச்சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 30, வியாழன்

மொட்டை நோவாக் என் பஸ்ஸை ஓட்ட ஒப்புக்கொண்டான். நல்லவன், அவனுக்கு முடி முளைக்கட்டும்.

நல்ல கட்டுரைகள் ஆறைத் தேர்ந்தெடுத்துப் பெற்றோர் முன் படிக்க வைத்தார்கள். கலினா ஐந்தாவது. லுபோன்ஸ்கி மாளிகையில் தொடங்கி, அந்த மாளிகையை அவளே இடித்தாள். பிறகு படித்தாள் – முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்:

“நூலகப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் ஏழாம் நம்பர் பஸ்ஸின் நேர அட்டை இருந்தது, நவம்பர் எட்டாம் தேதி போட்டு. எனக்கு முன்பே ஒருவர் அதைப் படித்திருக்கிறார். மூன்று நாள் கழித்து நான் கேட்டபோது, மாளிகை இருக்கும் என்றார்.”

அட்டையை அங்கேயா விட்டேன்! டிப்போ முழுக்கத் தேடினேனே.

“பழைய வழக்கத்தில் பெண்ணின் பெயரைக் கேட்டாலே அவள் யார் என்று தெரிந்துவிடும். நோவாக்கின் மனைவி நோவாக்கோவா. நோவாக்கின் மகள் நோவாக்குவ்னா. இப்போது பெரும்பாலும் யாரும் இப்படி எழுதுவதில்லை. நான் இந்தக் கட்டுரையின் கீழே என் பெயரை அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.”

கை தட்டினார்கள். பானி கோசுபா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “பான் நோவாக், கொஞ்சம் எந்திரிங்க” என்றார்.

நான் எழவில்லை. இந்தக் கட்டடத்தில் நான் லுபோன்ஸ்கி ஆயிற்றே. முன்வரிசையில் தாடிக்காரர் ஒருவர் எழுந்தார். அவரும் நோவாக்தான், இல்லாமலா போகும்?

“நீங்க இல்லீங்க,” என்றார் பானி கோசுபா. “நோவாக்குவ்னாவோட அப்பா.”

எழுந்தேன். தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி தலையில் வைத்துக்கொண்டேன். கலினா தலையில் அடித்துக்கொண்டது தெரிந்தது.

இரண்டு லட்சம் பேரில் இன்று அந்தப் பெயரால் எழுப்பப்பட்டவன் நான். யாருக்கு நன்றி சொல்வது? கடவுளுக்கு, போக்னாவுக்கு, பேக்கரியில் மாலை வேலை போட்டவருக்கு. அயர்லாந்துக்காரருக்கும்தான், சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் 4, திங்கள்

காலையில் பனி. பள்ளி நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் கலினா தோழியோடு ஏறினாள். பாஸைக் காட்டினாள். அதில் இன்னும் லுபோன்ஸ்காதான். இருக்கட்டும், அதுவும் அவள் பெயர்தானே.

“யாருடி, டிரைவரு உன்னையப் பாத்து இப்படிச் சிரிக்கிறாரு?” என்றாள் தோழி.

“எங்கப்பா. புதுசு.”

“புதுசா? எப்ப வந்தாரு?”

“பத்து வருஷம் ஆச்சு.”

இருவரும் சிரித்துக்கொண்டே பின்னால் போனார்கள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போல. முன் இருக்கையிலிருந்து ஒரு அம்மா கத்தினார்: “கதவ மூடுய்யா, குளிருதுல்ல!”

மூடினேன்.