திங்களும் வியாழனும் ஊசி

1920 ஜனவரி 12, திங்கள்
இன்று மூன்றாவது ஊசி, இடது கையில். வலி ஒன்றும் தெரியவில்லை. மருந்து ஏறி முடிந்ததும் நெஞ்சைப் பிடுங்கும் இருமல் வந்தது. இந்த வங்காளத்துக் காலா ஜ்வரத்துக்கு இந்த மருந்து போட்டுக்கொள்கிற எல்லாருக்கும் வருகிறதாம். வாடகை வண்டியில் பவானிபூர் வீட்டுக்குத் திரும்பினோம். சாதம் வடித்தேன்.

ஜனவரி 15, வியாழன்
டாக்டர் இவரிடம் என்னை மெச்சிக்கொண்டார். "ராஜாராம் பாபு, இந்த அம்மாளைப் போல் தைரியசாலியை நான் கண்டதில்லை." வண்டியில் வரும்போது இவர் அதையே பெருமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். கட்டைக்கு என்ன தைரியம் வேண்டிக் கிடக்கிறது?

ஐப்பசியில் இதே ஜுரத்துக்கு, இதே ஆஸ்பத்திரி பெஞ்சில், மீனாக்ஷியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு வயது. ஊசியைக் கண்டாலே "வாண்டாம்மா, வாண்டாம்மா" என்று அலறுவாள். நான்தான் அவள் கையை அமுக்கிப் பிடித்துக்கொள்வேன். அத்தனை ஊசி போட்டும் குழந்தை தக்கவில்லை. இப்போது எனக்கு. நான் அலறி யாருக்கு என்ன ஆகணும்?

ஜனவரி 22, வியாழன்
ஊசி. இருமல். வாந்தி.

ஜனவரி 30, வெள்ளி
பக்கத்து வீட்டு வங்காளி அக்கா சுரமா தீதி கிண்ணத்தில் மீன் குழம்பு கொண்டுவந்தாள். குடித்தால் ரத்தம் ஊறுமாம். நல்ல மனசுதான். இவர் வாசற்படியிலேயே ஆடிப்போய் நின்றார். வேறொரு நாளாயிருந்தால் இவர் முழித்த முழிக்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். "வேண்டாம் தீதி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்
இரண்டு வாரமாக ஜுரம் இல்லை. டாக்டர் விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்து, மண்ணீரல் வீக்கம் வடிகிறது என்றார். இவர் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயந்தரம் பசித்தது. வார்க்க வார்க்கத் தோசை தின்றேன், மிளகாய்ப்பொடியோடு. ராட்சசி! தின்றுவிட்டு என்மேலேயே எரிச்சலாக வந்தது. அவ போய் நாலு மாசம்கூட ஆகலே, எனக்கு நாக்கு கேக்கறது.

பிப்ரவரி 12, வியாழன்
ஊசி கொதிக்கிற பாத்திரம் லொடலொடவென்று ஆடுகிறது. இத்தனை நாள் காதில் விழுந்ததே இல்லை. உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஏன்?

பிப்ரவரி 16, திங்கள்
ஊசி உள்ளே இருக்கும்போதே கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டுவிட்டேன். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே போய்விட்டது. ஐயோ, நெருப்பு. முழங்கை பூசணிக்காயாக வீங்கிக் கிடக்கிறது. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி ஊளையிட்டேன். தைரியசாலியாம், தைரியசாலி!

இவ்வளவா வலிக்கும்? உனக்கும் இப்படித்தான் வலிச்சுதாடி, கண்ணே? நான் அமுக்கிப் பிடிச்சுண்டேனே —

பிப்ரவரி 19, வியாழன்
போகவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்
இன்றும் போகவில்லை. டாக்டர் ஆள் அனுப்பியிருந்தார். பாதியில் விட்டால் ஜுரம் திரும்பிவிடும், திரும்பினால் மருந்துக்குக் கேட்பது கஷ்டம் என்று சொல்லச் சொன்னாராம்.

இவர் கார்டன் ரீச் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கைக்கு ஒத்தடம் கொடுத்தார். "பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றேன். சொல்ல வெட்கமாக இருந்தது. "ஊசின்னாலும் பயமா இருக்கு. செத்துப் போயிடுவேனோன்னும் பயமா இருக்கு."

இவர் ஒத்தடத் துணியைக் கீழே வைத்தார். "இத்தனை நாள் நீ பயப்படவே இல்லியே, ஜகதா. அதைப் பாத்துத்தான் நான் பயந்துண்டிருந்தேன்" என்றார். அப்புறம் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். "நீயும் போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்?" மீனாக்ஷிக்குக்கூட இவர் என் எதிரில் அழுததில்லை. நானும் அழுதேன். உலை பொங்கி அடுப்பு அணைந்துபோனது.

பிப்ரவரி 26, வியாழன்
போனேன். இடது கை வீக்கம் இன்னும் வடியாததால் வலது கை.

கம்பவுண்டர் கையைப் பிடித்துக்கொள்ள வந்தார். வேண்டாம் என்றேன். "யாரும் பிடிக்க வேண்டாம். நான் சொன்னால் குத்துங்கள், சொல்லாமல் குத்தாதீர்கள்" என்று அரைகுறை வங்காளியில் டாக்டரிடம் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, ஊசியை நிமிர்த்திப் பிடித்தபடி நின்றார்.

சொல்ல வாய் வரவில்லை. பெஞ்சில் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எழுந்து போய்விட்டால் ஒருவரும் தடுக்கப்போவதில்லை. குத்தலாமா என்று மீனாக்ஷியை யாரும் கேட்கவில்லை, பாவம். என்னைக் கேட்டுக்கொண்டு ஒரு மனுஷர் நிற்கிறார்.

"குத்துங்கோ" என்றேன். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

வலித்தது. வாய்விட்டு அழுதேன். திங்கட்கிழமை மறுபடியும் போக வேண்டும்.