வெள்ளைக் கொடி

17.11.96, ஞாயிறு

ஜில்லா போட்டியில் இன்று உயரம் தாண்டுதலுக்கு நான்தான் நடுவர். பக்கத்து வீட்டுக் கவிதா கடைசி வாய்ப்பில் தாண்டினாள். முதுகு உரசிக் கம்பி ஆடியது, விழவில்லை. கம்பியின் ஆட்டம் நின்றதுமே வெள்ளைக் கொடியைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கிவிட்டால் அப்புறம் விழுந்தாலும் செல்லும். தமிழ்ப் பெண்ணுக்குத் தமிழன் அவசரப்பட்டான் என்று இந்த ஊர்க் கன்னடக்காரர்கள் சொல்வார்களோ என்று கொஞ்சம் தாமதித்தேன். கவிதா மெத்தையில் கிடந்தபடி என் கையையே பார்த்தாள். சாமுண்டி மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. கம்பி விழுந்தது. சிவப்பைத் தூக்கினேன்.

"காத்து அடிச்சா நீங்க என்ன அங்கிள் பண்ணுவீங்க?" பஸ்ஸில் அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அவளுக்குப் பிடித்த ரஷ்யாக்காரியின் படங்களைப் பேப்பரிலிருந்து ஐந்து வருஷமாகக் கத்தரித்துக் கொடுக்கிறேன். சோவியத் பனியனில் தாண்டியவள், முட்டி போய், பிள்ளை பெற்று, இப்போது ரஷ்யாவுக்காகத் திரும்பவும் தாண்டுகிறாள். கவிதாவின் நோட்டு முழுக்க அவள்தான்.

"இந்த வாரம் படம் வந்துச்சா அங்கிள்?"

இல்லை என்றேன். சட்டைப் பையில்தான் இருந்தது.

இப்போது மேஜைமேல் இருக்கிறது. ரஷ்யாக்காரி மெத்தையில் கிடக்கிறாள். மேலே கம்பி கோணலாக நிற்கிறது. ஓரத்தில் யாரோ ஒருவர் அதற்குள் வெள்ளைக் கொடியைத் தூக்கிவிட்டார்.