எக்ஸ்ரேயில் பாம்பு

1938 ஜூன் 14
மழை. மூன்றாவது கருவும் போயிற்று. எப்போதும் நாலாம் மாதம், அப்புறம் ரத்தம். ஜோசியர் சர்ப்பதோஷம் என்கிறார். மாமியார் வாலாம்பாள் என் பி.ஏ. படிப்பையும் அதோடு சேர்த்துக்கொள்கிறாள். என் கணவர் பட்டாபி (இங்கே மட்டும்தான் பெயரைச் சொல்ல முடிகிறது) வாய் திறப்பதில்லை. அந்த மௌனம் யார் பக்கம்?

ஜூன் 20
கரமனையிலிருந்து அவருக்கு ஒரு பெண்ணின் ஜாதகம் கொண்டுவந்தார்கள். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தது நான்தான்.

ஜூலை 2
டாக்டர் ஞானபாய் கர்ப்பப்பைக்குள் எண்ணெய் போன்ற ஒரு மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். வலி. பிடித்துக்கொள்ள மேஜை விளிம்பு இருந்தது.

ஜூலை 5
“கர்ப்பப்பை நடுவில ஒரு சுவர் நிக்குது பிள்ளே. பிறவியிலேயே உள்ளது. நீ செய்ததுக்கும் செய்யாததுக்கும் இதுல பங்கில்ல” என்றார் டாக்டர். அறுத்து எடுக்கலாம், உயிருக்கு ஆபத்தும் உண்டு. கணவர் சம்மதிக்க வேண்டும்.
என் மேல் தவறில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூலை 6
வயிற்றைக் கீறுவதெல்லாம் வேண்டாம், அம்மா ஒப்பமாட்டாள் என்றார் பட்டாபி. அவள் எக்ஸ்ரேயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மருந்து நிரம்பிய கர்ப்பப்பை, வெள்ளையாக, மேலே இரண்டாகப் பிரிந்து.
“பாத்தியோடா பட்டாபி, ரெண்டு நாக்கு. நான் அப்பவே பறஞ்சேனோல்லியோ? இதை வச்சுண்டு குழந்தை எங்கே தங்கும்? எடுக்கட்டும்.”
அவர் தலையாட்டினார்.
அது பாம்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் — கரமனைப் பெண். சொல்லவில்லை. இவ்வளவு படித்தும்.

ஜூலை 21
ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். பேனா பிடிக்க முடிகிறது. மாமியார் தீட்டுக்குப் பயந்து வார்டு வாசலிலேயே நின்றாள்.
“எடுத்துட்டாளோ?”
“எடுத்துட்டா, அம்மா” என்றேன்.
“அதைக் கொன்னுடலையே?”
“உயிரோட விட்டுட்டா.”
அங்கிருந்தே கைகூப்பினாள். சிரிக்க வேண்டும் போலிருந்தது, தையல் இழுத்தது. அப்புறம் அழுகை. அதற்கும் தையல் இழுத்தது.

1940 பிப்ரவரி 11
ஐந்தாம் மாதம். காலையில் குழாயடியில் நிற்கும்போது உள்ளே அசைந்தது. குழாயை மூடினேன். மறுபடியும். வீட்டுக்குள்ளிருந்து பட்டாபி காப்பி கேட்டார். வருகிறேன் என்றேன். போகவில்லை.