சுவரில் ஏறிய ராணி

அம்மா, உங்களுக்கும் நம் மலைக்கும் ஆற்றுக்கும் வெலிங்டனிலிருந்து ரெவெட்டியின் வணக்கம். மூட்டுவலி தணிந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் பாராதேனே மாமாவும் அத்தையும், நான் பெருக்கும் அமைச்சர் அலுவலகத்துக்கே வந்தார்கள். அரசாங்கம் பிடுங்கிய நம் நிலத்துக்காக ராணிக்கு அனுப்பிய மனுவை லண்டன் இங்கேயே திருப்பிவிட்டதாம்.

"உங்க மாவோரி சனங்க விஷயத்துல ராணிக்கு இனிமே பேச்சே இல்ல. எல்லாம் நாங்கதான்" என்றார் அதிகாரி. நான்தான் மொழிபெயர்த்தேன்.

அத்தை சுவரிலிருந்த ராணி படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "பேச்சு நின்னுபோச்சா? செத்தவங்க படம்தானே சுவத்துல ஏறும்? நமக்கு ஒரு வார்த்தை சொல்லலையே" என்று ஒப்பாரி வைத்துவிட்டாள்.

"ராணி உயிரோடதான் இருக்காங்க" என்று அதிகாரி பதறினார்.

"அப்ப பதில் சொல்லச் சொல்லு" என்றாள் அத்தை.

எல்லோரும் படத்தையே பார்த்தோம். அதிகாரியும்தான்.

கிளம்பும்போது, "செத்தவளத் தனியா விடக்கூடாதுடா, நீ கூட இரு" என்று அத்தை என்னிடம் சொன்னாள். பெருக்கி முடித்ததும் தினமும் படத்தடியில் உட்காருகிறேன். சிரிக்காதீர்கள். எத்தனை முறை துடைத்தாலும் படத்தின் கண்ணாடி உள்பக்கமாக மங்குகிறது, யாரோ மூச்சு விட்டதுபோல. அதிகாரி இப்போது தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

காய்ந்த விலாங்கு மீனும் ஒரு கம்பளியும் அனுப்புங்கள். இங்கே நம் மொழி பேச ஆளில்லை. சில நாள் நான் வாயே திறப்பதில்லை. தபால் கப்பல் கிளம்பப் போகிறது.

போன மாதம் அனுப்பிய என் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தால், உடனே இறக்கிவிடுங்கள்.

உங்கள் மகன்
ரெவெட்டி