கஷ்காவின் படத்தை விற்ற கதை

அன்பு மகள் அக்சாமாய்க்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், நம் ஊர் கொச்கோரில் முதல் பனி விழுந்துவிட்டது, குதிரைகளை மேட்டு மேய்ச்சலிலிருந்து இறக்கியாகிவிட்டது. நீ சுகமா என்று கேட்கிற தகுதி எனக்கு இப்போது இல்லை, ஆனாலும் அதைக் கேட்காமல் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு குல்சினே இஸ்தான்புல்லுக்கு வேலைக்கு வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் ஆகாதா என்கிறாள் உன் அம்மா. ஆறு வாரமாக நீ என் போனை எடுக்கவில்லை, எடுக்காததே நல்லது, எடுத்திருந்தால் நான் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். கோடையில் என் தங்கை மகன் குபான் மேய்ச்சலுக்கு வந்திருந்தான், பிஷ்கெக்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறானே, அவன்தான். குதிரைப்பால் குமிஸ் குடித்துக்கொண்டே என்.எஃப்.டி. என்று ஒன்றைப் பற்றி ஆரம்பித்தான், எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. பிறகு என் வழிக்கு வந்தான். "மாமா, ஒரு மூட்டை மாவைக் கைமாத்தா வாங்கினா வேற மூட்டையைத் திருப்பிக் குடுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. உங்க கஷ்காவை வாங்கிட்டுப் போயி வேற குதிரையைக் கொண்டாந்து கட்டினா சும்மா விடுவீங்களா?" என்றான். தோலை உரித்துவிடுவேன் என்றேன். "அதேதான். அந்த மாதிரி ஒண்ணுக்கு இன்னொண்ணு ஈடாகாத பொருளுக்குப் போடுற சீட்டு இது. யார் செஞ்சாங்க, இப்ப யார் கையில இருக்குன்னு பதிவேட்டுல ஏறிடும். அந்தப் பதிவேடு ஒரு ஆபீஸ் அலமாரியில இல்ல, உலகம் பூரா ஆயிரம் ஆயிரம் மெஷின்ல ஒரே மாதிரி கிடக்கு. எந்த அதிகாரியும் காசு வாங்கிட்டு ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது" என்றான். படம், பாட்டு, கச்சேரி டிக்கெட், கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் வாள், கேடயம் எல்லாவற்றுக்கும் இந்தச் சீட்டு போடுகிறார்களாம், குதிரையின் வம்சச் சான்றுக்கும் போடலாமாம். இன்றைக்குக் கொண்டாடி வாங்கிவிட்டு நாளைக்குச் சீந்தாமல் போகிறவர்களும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னான்.

அப்போது கூடாரத்தில் உன் பழைய நோட்டு அவன் கண்ணில் பட்டது. தொலைந்தால் அடையாளம் சொல்லலாம் என்று பதினொரு வயதில் நம் நாற்பது குதிரைகளையும் பக்கத்துக்கு ஒன்றாக வரைந்தாயே, அது. கஷ்காவின் பக்கத்தில் நிறுத்திவிட்டான். நெற்றியில் வெள்ளைக் கோடும், ஒரு காதை மட்டும் பின்னால் மடக்கிக்கொண்டு கடிக்க வருகிற அந்தத் திமிரும் அப்படியே இருந்தன. "இதுக்குச் சீட்டு போட்டா நிச்சயம் யாராவது வாங்குவாங்க மாமா" என்றான். உடனே நான் நோட்டைத் துணியில் சுற்றி, எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். குபான் விழுந்து விழுந்து சிரித்தான். நோட்டு நம்மிடமே இருக்குமாம், வாங்குகிறவருக்குச் சீட்டு மட்டும்தானாம், படத்தை அச்சடிக்கிற உரிமைகூடத் தனியாக எழுதிக் கொடுத்தால்தான் உண்டாம். குதிரையை விற்றால் தலைக்கயிற்றைக் கழற்றி வைத்துக்கொள்கிறவர்கள் நாம், வீட்டின் அதிர்ஷ்டம் குதிரையோடு போய்விடக் கூடாது என்று. இது கயிற்றை விற்றுவிட்டுக் குதிரையை வைத்துக்கொள்கிற வியாபாரமாக இருக்கிறதே, நமக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. உன் பொருள் என் பொருள் என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை, அதாவது உன் பொருள் எல்லாம் என் பொருள் என்றே இருந்துவிட்டேன்.

பிறகு குபான், செய்தவர் பெயர் என்ன போட என்று கேட்டான். நம் ஊரில் நீ யார் என்று கேட்டால் என்ன சொல்வோம், ஏழு தலைமுறைத் தகப்பன் பெயரைச் சொல்வோம். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏழு பேரையும் ஒப்பித்து, கடைசியில் என் பெயரையும் சேர்த்தேன். அவன் நல்ல பிள்ளை, கையை நிறுத்தி, "அக்சாமாய் பேரு போடலையா மாமா? வரைஞ்சது அவதானே?" என்று கேட்டான். "வம்ச வரிசையில பொம்பளைப் புள்ளை பேரு ஏதுடா, நாளைக்கு வேற வீட்டுக்குப் போறவ" என்று நான் சொன்னேன். ஒரு தடவை ஏறினால் அழிக்க முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னான். அழியாது என்றதும் எனக்குக் குஷி தாங்கவில்லை, என் தகப்பன்மார் பெயரைப் பாறையில் வெட்டியது போல என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சீட்டை யாரோ ஒருவர் வாங்கினார், வந்த பணத்தில் குளிருக்கு நிலக்கரி வாங்கினோம்.

நீ போன் செய்து, "அப்பா, அந்தக் கஷ்கா படம் யார் வரைஞ்சது?" என்று ஒன்றே ஒன்று கேட்டாய். நம் வீட்டுப் படம் என்றேன். நீ வைத்துவிட்டாய். அப்புறம்தான் அம்மா சொன்னாள், நீ வேலை செய்கிற துணி அச்சுப் பட்டறையில் இணையத்தில் இருந்த அந்தப் படத்தை, இது சின்ன வயதில் நான் வரைந்தது என்று நீ காட்டப் போக, அவர்கள் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அடுத்தவர் படத்தைத் தன்னுடையது என்கிறாள் என்று சொன்னார்களாம், உனக்குத் தருவதாக இருந்த வரைபட வேலையும் நின்றுபோனதாம். நான் வளர்த்த பெண்ணை அந்நிய ஊரில் திருடியாக நிற்க வைத்தவன் நான். அன்றைக்கே குபானைக் கூப்பிட்டு அழி என்றேன். "ஊரே காதால கேட்ட சத்தியத்தை எப்படி மாமா திரும்ப வாங்குறது? வாங்கினவங்க மனசு வெச்சு அந்தச் சீட்டை யாரும் திறக்க முடியாத முகவரிக்கு அனுப்பினா முடங்கிப்போகும், அப்பவும் எழுதினது எழுதினதுதான்" என்றான். வாங்கியவருக்கு எழுதினோம், பதில் இல்லை.

போன வாரம் நம் வம்ச ஏட்டில் பேரப்பிள்ளைகள் பெயர் எழுதப் பெரியவர்கள் நம் வீட்டில் கூடினார்கள். என் பெயருக்குக் கீழே உன் பெயரை எழுதினேன். "ஓமுர்ஜாக், மூளை பனியில உறைஞ்சு போச்சா?" என்று கேட்டார்கள். ஆமாம், இப்போதுதான் உருகுகிறது என்று சொல்லி ஏட்டை மூடிவிட்டேன். இதைச் செய்ததால் என் தப்பு குறைந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை.

உன் அம்மாவுக்கும் குபானுக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது. நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும், வரைந்தது அக்சாமாய் என்று நீ எழுதியிருந்தாய். குபான் கஷ்காவின் பக்கத்தைப் படம் எடுத்தபோது நான் அந்த மூலையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டேன். "விரலை எடுங்க மாமா, படத்துல விழுது" என்றான். காற்று அடிக்கிறது, பக்கம் பறக்கும் என்றேன். அன்றைக்குக் காற்றே இல்லை, அக்சாமாய்.

அந்த நோட்டைத்தான் குல்சினேயிடம் கொடுத்திருக்கிறேன், கஷ்காவின் பழைய தலைக்கயிற்றால் கட்டி. அது இருக்க வேண்டிய இடம் உன் வீடு. மற்ற முப்பத்தொன்பது பக்கத்தையும் யாரும் தொடவில்லை, இனி உன்னைக் கேட்காமல் தொடவும் மாட்டார்கள். கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. என்னை மன்னிக்காவிட்டாலும் அம்மாவிடமாவது பேசு. ஒன்றை மட்டும் மறக்காதே. நோட்டைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பதிவேட்டில் உள்ள படத்துக்குப் பக்கத்தில் வை. அதில் விரல் இருக்கிற இடத்தில் இதில் உன் பெயர் இருக்கும். அது யார் விரல் என்று கேட்பார்கள். குதிரை மிதித்துக் கறுத்த நகம், என் அப்பாவுடையது என்று சொல். அழிக்க முடியாது என்றானே குபான், அந்த மட்டில் நல்லதாகப் போயிற்று.

உன் கை நோகாமல் இருக்கட்டும், உன் பெயர் உன்னோடு இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

அக்சாமாயின் தகப்பன்
ஓமுர்ஜாக்