சுருதி இறங்குதா?

தையல் மிஷின் எண்ணெயின் வாசனை இன்னும் விரலில் இருக்கிறது. காலையில் உங்கள் ரெக்கார்டு பிளேயருக்கு எண்ணெய் விட்டேன். பெல்ட்டும் புதிது போட்டாயிற்று. பக்கத்திலேயே, நம் மகள் திருச்சியிலிருந்து வாங்கி அனுப்பிய புது பிளேயர். பிடிக்காவிட்டால் நாளைக்குள் திருப்பி அனுப்ப வேண்டுமாம். ஒரு வாரமாக இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன். உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை.

நீங்களும் இப்படித்தான் தவித்தீர்கள். அதிரக் கூடாதென்று ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றைப் பிளேயருக்கு அடியில் வைத்து, இசைத்தட்டு சுழல ஆரம்பித்ததும் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பீர்கள். பாட்டு முடியப்போகும் நேரத்தில் சமையலறைப் பக்கம் திரும்பி, "இந்தா, சுருதி இறங்குதா?" என்பீர்கள்.

"ஒண்ணும் இறங்கல. சாப்பிட வாரீகளா இல்லையா?"

அந்த இறக்கம் எனக்கு மெய்யாகவே கேட்காது. புது பிளேயர் வாங்க ஒருமுறை மதுரைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்து வைத்ததையெல்லாம் மதியம்வரை கேட்டுவிட்டு, "நம்மது ஓடுதுல்ல, ஓடட்டும்" என்று கிளம்பிவிட்டீர்கள். பஸ் திருப்பத்தூரைத் தாண்டுவதற்குள், "அந்தக் கறுப்ப எடுத்திருக்கலாமோ?" என்று என்னையே கேட்டீர்கள். அடுத்த வருஷம் நீங்கள் இல்லை.

அதன்பிறகு முள்ளைத் துடைப்பதும் எண்ணெய் விடுவதும் என் கைக்கு வந்தன. எப்போது என்று தெரியவில்லை, கேட்கக் கேட்க எனக்கும் அது பிடிபட்டது. பாட்டின் கடைசியில் குரல் மயிரிழை இறங்கியது. எத்தனை பெல்ட் மாற்றினாலும் இறங்கியது. நீங்கள் சொன்னது சரிதான் என்று யாரிடம் போய்ச் சொல்ல? வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன்.

இன்று மதியம்தான் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அந்தத் தட்டைப் புதியதில் போட்டேன். கடைசிவரை குரல் அசையாமல் நின்றது. "கேட்டீகளா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பழையதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். அதோடு மனசு அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை.

சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டு, புதுசு இருக்கட்டும் என்றேன்.

"அப்பாடா! சந்தோஷம்மா" என்றாள்.

அந்தச் சந்தோஷம் முடிகிற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. முன்பென்றால் அத்துடன் போனை வைத்திருப்பேன்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

நான் வைக்கவில்லை. அவள் அழ ஆரம்பித்தாள்.

காலையில் முதல் பஸ்ஸில் திருச்சிக்குப் போகிறேன். என்னவென்று அவள் இன்னும் சொல்லவில்லை. சொல்லும்போது கேட்டுக்கொள்ள, நீங்கள் விட்டுப்போன காது என்னிடம் இருக்கிறது.