தேவையற்ற தொடர்பு

மே 4

காலையில் நோய்த்தடுப்புக் குழுக் கூட்டம். திரை முழுக்க முகங்கள், அதில் பாதி வெறும் நெற்றி. செயலாளருக்கு நான் வைத்திருக்கும் பெயர் பூட்டு. எதைக் கேட்டாலும் மூடிவிடலாம் என்பார். இன்று முதியோர் இல்லங்களின் முறை.

"பார்க்க வர்றவங்களை விடலாமா, கூடாதா? அறிவியல் என்ன சொல்லுதுன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க."

நோய் எப்படிப் பரவும் என்று கணக்குப் போடுவது என் வேலை. யாரையும் விடாவிட்டால் உள்ளே தொற்று குறையும் என்று வரைபடத்தைக் காட்டினேன். அதற்காக விடக்கூடாதா என்பது வேறு கேள்வி, அது என் கணினிக்குத் தெரியாது என்று ஆரம்பித்தேன். அதற்குள் நன்றி சொல்லிவிட்டார்.

மே 6

ஆணை வந்துவிட்டது. என் வரைபடத்தில் மருத்துவர், சமையல்காரர் எல்லாம் 'தேவையான தொடர்பு'. பார்க்க வருபவர்களின் கோட்டுக்கு 'தேவையற்ற தொடர்பு' என்று பெயர் ஒட்டியிருந்தேன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு கோட்டுக்கும் இப்படி ஏதாவது ஒட்டுவோம். அதை அப்படியே தூக்கி ஆணையில் போட்டிருக்கிறார்கள். கீழே, 'அறிவியலாளர்களின் பரிந்துரைப்படி'. அந்தப் பன்மை நான் ஒருத்திதான்.

மே 7

அத்தையின் போன். அப்பாவின் அக்கா, என்னை வளர்த்தவள். இப்போது முதியோர் இல்லத்தில். வாராவாரம் அவளைப் பார்க்க இரண்டு பேர் போவோம். நான் பழத்தோடு, அவளுடைய பழைய எதிர்வீட்டுத் தையல்காரர் சீட்டுக்கட்டோடு. ஆட்டத்தில் அவரை ஏமாற்றுவதில் அவள் கை தேர்ந்தவள்.

"கேட்ல போர்டு மாட்டியிருக்காங்கடி. தேவையற்ற நபர்களுக்கு அனுமதி இல்லையாம். எனக்கு யாரு தேவைன்னு எவன் முடிவு பண்ணினான்?"

"ஏதோ குழுவாம், அத்தை."

"குழுவுல ஒருத்தருக்காவது பல்லு விழுந்திருக்கா?"

பேச்சை மாற்றினேன்.

மே 19

அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நர்ஸ் சொன்னாள். என் கணக்குப்படி அத்தை மிகவும் பாதுகாப்பாக இருக்கிறாள்.

மே 23

வீடியோவில் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

"நோய் வந்தா வரட்டும்டி. ஒரு மூஞ்சியும் பார்க்காம இன்னும் பத்து வருஷம் இருந்து நான் என்ன பண்ணப்போறேன்?"

ஒரு நக்கல்கூட இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. அவ உயிரோட இருக்கணும் — இது எனக்கு வேண்டியது. அவளுக்கு என்ன வேணும்னு ஒரு தடவையாவது கேட்டேனா? கோடு போட்டேன். நல்லா நேரா போட்டேன்.

மே 26

புதுக் கோடு போட்ட வரைபடத்தோடு குழுவுக்குப் போனேன். பரிசோதனை செய்து, முகக்கவசத்தோடு, உள்ளே இருக்கும் ஆளுக்கு ஒருவரை மட்டும் விட்டால் தொற்று கொஞ்சம் கூடும்.

"கூடுதுல்ல? அப்ப அறிவியல் வேண்டாம்ங்குது" என்றார் பூட்டு.

"அறிவியல் கூடும்னுதான் சொல்லுது, சார். வேண்டாம்ங்கிறது நீங்க. தாராளமா சொல்லுங்க, ஆனா என் முதுகுக்குப் பின்னால நின்னு சொல்லாதீங்க."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப யாரைக் கேட்கிறது?"

"உள்ள இருக்கிறவங்களை."

இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். நானும் சேர்ந்து ஆச்சரியப்பட்டேன்.

ஜூன் 2

கேட்டார்கள். பெரும்பாலோர் விடச் சொன்னார்கள். பயந்தவர்களும் உண்டு, அவர்களுக்குத் தனி மாடி. வரைவில் பூட்டு 'நெருங்கிய இரத்த உறவு மட்டும்' என்று நுழைத்திருந்தார். யார் வரவேண்டும் என்பதை உள்ளே இருப்பவரே சொல்லட்டும் என்று அடம்பிடித்து அதை எடுக்க வைத்தேன். அத்தையைப் பார்க்கப் போக நல்ல சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 8

அந்த ஒருவராக அத்தை தையல்காரர் பெயரைக் கொடுத்திருக்கிறாள்.

"நீ வந்தா மாத்திரை போட்டியான்னு கேட்ப. அந்த ஆளு வந்தா ஆட்டம் போடலாம்."

வளர்த்த பிள்ளை நான். விதியை எழுதினதும் நான். போங்க எல்லாரும்.

ஜூன் 11

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். போய்த் தோட்டத்துப் பக்கம் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஆட்டம் மும்முரம். அத்தையின் பக்கத்தில் இருந்த தட்டு காலி. தையல்காரர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார், அவர் கைச்சீட்டு முழுக்க எனக்குத் தெரிந்தது.

அத்தை என்னைப் பார்த்தாள். கையசைக்கவில்லை. மெல்லப் புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

தலைமேல் கிரீடம்போல் கையை வைத்து, அவரிடம் ராஜா இருக்கிறது என்று காட்டினேன்.